பயங்காட்டுவதற்கு ஒரு மாமா

நெளிதகர வேலியின் மேல் மூங்கில் கம்பை வைத்து இழுத்துக்கொண்டே ஒருவர் நடந்து வரும் சத்தம், முதலில் தூரத்தில் மழை இறங்குவது போல மெலிதாகத்தான் தொடங்கும். நெருங்க நெருங்க ஒவ்வொரு நெளிவும் தனித்தனியாக வந்து பல்லில் இடிக்கும். சரியாக எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே வந்ததும் சட்டென்று நின்றுவிடும். சத்தத்தைவிட அது நின்றுபோகும் கணம்தான் எங்களுக்குப் பெரிய பயம். வாயில் இருந்த சோறு மெல்லாமலே உள்ளே போய்விடும். அம்மாவுக்கு வேண்டியதும் அதுதான்.

பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த ரயில்வே குவாட்டர்ஸில் நான் வளர்ந்தேன். அப்பா பணிமனையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தார். முதுகோடு முதுகு ஒட்டிய பலகை வீடுகள். ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அந்த வரிசை வீடுகளில் 'பயங்காட்டுறது' என்ற சொல் காதில் விழாமல் ஒரு நாளும் போனதில்லை. அகராதியைப் பிரித்தால் அச்சுறுத்தல், வெருட்டல், மிரட்டல் என்று எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கும். எங்கள் வீடுகளில் அவை வேறு வேறாகவே இருந்தன. மிரட்டுவது சண்டைக்காரர்கள் செய்வது, வேலைத்தலத்தில் மேஸ்திரி செய்வது. அதட்டுவது அப்பா செய்வது, ஒரு குரலோடு முடிந்துவிடும். பயங்காட்டுவதோ அன்புள்ளவர்கள் செய்யும் காரியம். பிள்ளை சாப்பிட வேண்டும், மருந்து குடிக்க வேண்டும், தண்டவாளத்துப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்வது. அதைக் கறிவேப்பிலை கேட்பது போல அண்டை வீட்டில் கேட்டு வாங்குவார்கள். "அக்கா, இவன் மருந்து குடிக்க மாட்டேங்கிறான், வந்து கொஞ்சம் பயங்காட்டிட்டுப் போங்களேன்" என்று ஒருத்தி வேலிக்கு மேல் குரல் கொடுப்பாள். இன்னொருத்தி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்களை உருட்டிக்கொண்டு வந்து நிற்பாள். பிள்ளை அளவுக்கு மீறி அழுதுவிட்டால் "சும்மா பயங்காட்டினாங்கடா" என்று முகத்தைத் துடைத்துவிடுவார்கள். அந்த 'சும்மா' பெரியவர்களுக்கு முதலிலேயே தெரியும். எங்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேரும்.

இந்த வேலைக்கு எங்கள் வரிசை முழுவதும் நம்பியிருந்தது சின்னையா மாமாவை. அவர் தண்டவாளம் பழுதுபார்க்கும் கும்பலில் வேலை செய்தார். எப்போதோ நீராவி அடித்து ஒரு பக்கக் கன்னம் சுருங்கி, அந்தப் பக்கத்துக் கண் முழுதாக மூடாது. நல்ல கட்டைக் குரல். வீட்டில் இரண்டு மூன்று ஆடுகள் வைத்திருந்ததால், வேலை முடிந்ததும் தண்டவாள ஓரத்தில் புல்லறுத்துக் கோணியில் திணித்துத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். ஈரப்புல் ஆகையால் கோணியின் அடி எப்போதும் நனைந்து கருத்திருக்கும்.

"சின்னையாண்ணே, இங்க ஒருத்தி சோறு திங்க மாட்டேங்கிறா, என்னான்னு கேளுங்க!" என்று அம்மா உள்ளிருந்து கூப்பிட்டதுமே கம்பு தகரத்தில் ஏறும்.

"யாரது? எந்த வீடு? கோணில இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்கு, தூக்கிப் போட்டுக் கட்டிடவா?"

ஜன்னலில் அந்தக் கண் தெரியும். என் தங்கை லெட்சுமி மூச்சுவிடாமல் விழுங்குவாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது, எனக்கு ஒன்பது. அம்மா சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். மாமா நாலு வீடு தாண்டிய பிறகு அவருடைய சிரிப்பும் இருமலும் கலந்து கேட்கும்.

ஒரு தடவை அம்மா கொடுத்த தேநீரை வாசலில் நின்றே குடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "தங்கச்சி, சின்னதுங்க என்னைப் பாத்தாலே ஓடுதுங்க. வீட்ல கேக்குறா, ஏன் ஒரு புள்ளையும் நம்ம வாசல் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேங்குதுன்னு. என்னா சொல்றது?"

"நீங்க ஒன்னுண்ணே! வளந்தா எல்லாம் சரியாப் போயிடும் லா."

அவருக்கும் அவர் மனைவியான அத்தைக்கும் பிள்ளைகள் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்ட எனக்கு, அவர் குரலில் இருந்தது என்னவென்று புரியவில்லை. புரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

அந்த வருடம் ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாலம் நிற்க வேண்டுமானால் தூணுக்கு அடியில் பிள்ளைகளின் தலை வைக்க வேண்டும், அதற்கு ஆள் வைத்துத் தேடுகிறார்கள் என்று பாசார் சந்தையிலிருந்து ஒரு பேச்சு வந்தது. லோரி ஓட்டுகிறவர் சொன்னார், சீனக் கடை அம்மா சொன்னார், கம்பம் என்று நாங்கள் சொல்லும் பக்கத்துச் சிற்றூரின் மலாய்க்காரப் பெண்களும் சொன்னார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். தாய்மார்கள் கூட்டமாகச் சேர்ந்து எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். வாசல்களைப் பகலிலும் தாழிட்டார்கள். இந்தப் பேச்சைச் சொல்லும்போது மட்டும் யாரும் 'சும்மா' என்று சேர்த்துக்கொள்ளவில்லை. பெரியவர்கள் நிஜமாகப் பயப்படுவதை நான் அப்போதுதான் முதல் முறை பார்த்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

மாலை வேளைகளில் லெட்சுமியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அம்மா என் தலையில் கட்டியிருந்தார். எனக்கோ குவாட்டர்ஸுக்குப் பின்னால், கூட்ஸ் பெட்டிகள் நிற்கும் இடத்தில் கூட்டாளிகளோடு விளையாட வேண்டும். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வருவாள். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பாலத்துக்குத் தலை வேண்டும். மாமாவிடம் கோணி இருக்கிறது. இரண்டையும் சேர்த்தேன். அடுக்கி வைத்திருந்த பழைய சிலீப்பர் கட்டைகளின் மேல் அவளை உட்கார வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

"இங்கேயே உக்காந்திரு. எறங்குனே, சின்னையா மாமா வந்துடுவாரு. அந்தக் கோணில என்னா இருக்குன்னு நெனைக்கிறே? புல்லா? அடியில ஈரமா இருக்கே, பாத்தியா? புல்லுலேருந்து அப்படியா ஒழுகும்?"

அவள் உட்கார்ந்தாள். நான் விளையாடிவிட்டுத் திரும்பும் வரை, தார் வாடை வீசும் அந்தக் கட்டைகளின் மேல், காலைக்கூடத் தொங்கவிடாமல் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர்களுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு மட்டும் பயன்பட்டதை நான் ஒரு மாலைப் பொழுது முழுவதும் வேலை செய்ய வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதன்பின் தினமும் அப்படித்தான். தினமும் கதையில் ஏதாவது ஒன்றைக் கூட்டுவேன், ஏனென்றால் நேற்றைய பயம் இன்றைக்குக் கொஞ்சம் நீர்த்துப்போயிருக்கும்.

ஒரு நாள் வானம் இருண்டு கிடந்தது. இடி சத்தத்துக்கு அவள் கட்டையிலிருந்து இறங்கி, என்னைத் தேடித் தண்டவாளத்தின் மேல் வந்து நின்றுவிட்டாள். நான் அந்தப் பக்கத்தில் ஒரு மண்மேட்டின் மேல் இருந்தேன். கூட்ஸ் வண்டி புறப்படத் தயாராக, எஞ்சின் முன்னும் பின்னும் இடித்துப் பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தது. அப்போது புல் கோணியோடு வந்த சின்னையா மாமா அவளைப் பார்த்தார்.

"ஏ பாப்பா! அங்க நிக்காத, வண்டி எடுக்கப் போறான்! எறங்கு, எறங்கு!"

அது விளையாட்டுக் குரல் இல்லை. ஆனால் அவளுக்கு அதே கட்டைக் குரல்தான், அதே கோணிதான். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்ன செய்வது என்று கேட்கிற பார்வை அது. நான் விரலைக் கழுத்தில் வைத்துக் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினேன்.

அவள் திரும்பி ஓடினாள். மாமா கோணியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நாலு எட்டு ஓடினார். பெட்டிகளுக்கு இடையில் அவள் மறைந்ததும் நின்று, அங்குமிங்கும் குனிந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. மழை கொட்டத் தொடங்கியதும், அவள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எண்ணிக்கொண்டு நானும் ஓடினேன். பின்னால் கூட்ஸ் வண்டி நகரும் சத்தம் கேட்டது.

வீட்டில் அவள் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வரிசை முழுவதும் எங்கள் வாசலில் கூடிவிட்டது. "பாலத்துக்குப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்களே" என்று யாரோ ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா என் முன்னால் வந்து நின்றார். கையில் ரோத்தான் பிரம்பு இல்லை. அந்தக் கை என் தோளைப் பற்றி இறுக்கியது. பிரம்பைவிட அந்தப் பிடி என்னைக் கதிகலங்க வைத்தது.

"நீ எங்கடா இருந்தே? கடைசியா அவள யாருகூடப் பாத்தே?"

நான் சொன்னேன்: "சின்னையா மாமா அவ பின்னாடி ஓடுனாரு. கோணி வச்சிருந்தாரு."

இந்த இரண்டு வாக்கியங்களிலும் ஒரு சொல் பொய் இல்லை. நான் பின்னாளில் சட்டம் படித்து, வாழ்நாளின் பெரும்பகுதியை நீதிமன்றங்களில் கழித்தவன். உண்மைகளை எப்படி வெட்டி எப்படி அடுக்கினால் கேட்பவர் என்ன முடிவுக்கு வருவார் என்பதை நான் அங்கே கற்றுக்கொள்ளவில்லை, ஒன்பது வயதில் எங்கள் வீட்டு வாசலில் கற்றுக்கொண்டேன். நான் சொல்லி முடித்ததும் அப்பாவைப் போன்ற வளர்ந்த ஆண்களின் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று பயங்காட்டியவன் நான். பயந்தது வரிசை முழுவதும்.

மாமாவின் வீட்டுக்கு ஓடினார்கள். அவர் அங்கே இல்லை. மழையில் தண்டவாளத்தோரமாக அவளைத் தேடிப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இல்லாததே குற்றமாகிவிட்டது. தண்டவாளத்தோரம் கிடந்த கோணியை யாரோ தூக்கி வந்து அவர் வாசலில் தலைகீழாகக் கொட்டினார்கள். புல் விழுந்தது. கட்டிக் கிடந்த ஆடு ஒன்று கழுத்தை நீட்டி அதைத் தின்னத் தொடங்கியது. பார்த்தவர்கள் அதோடு திரும்பியிருக்கலாம். யாரும் திரும்பவில்லை. அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னாங்க, என்னா ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்" என்று ஒவ்வொரு முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தொப்பலாக நனைந்து அவர் வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள்.

"புள்ளைய எங்கய்யா வச்சிருக்கே?"

"நானும்தான்யா தேடிட்டு வரேன்! லைன்ல நின்னுச்சு, எறங்குன்னு சத்தம் போட்டேன், ஓடிடுச்சு."

"ஒன்னும் பண்ணாமத்தான் ஓடுச்சா?"

அவர் கூட்டத்தில் நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சாப்பாட்டு வேளையில் அவரைக் கூப்பிட்டவர்கள்தான் அத்தனை பேரும். கடைசியில் அம்மாவைப் பார்த்து, "தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்க" என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதன் பிறகு முதல் அடி விழுந்தது. யார் அடித்தது என்று தெரியவில்லை. 'மாத்தா' என்று நாங்கள் சொல்லும் போலீஸ்காரர்கள் வந்து அவரைக் கூட்டிப் போனபோது, அவரது ஒரு செருப்பு சேற்றில் கிடந்தது.

மறுநாள் காலை கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தது. சாமான் ஏற்றும் மேடைக்கு நேராகத் திறந்திருந்த கூட்ஸ் பெட்டிக்குள் லெட்சுமி ஓடி ஒளிந்திருக்கிறாள். வண்டி அவளோடு கிளம்பிவிட்டது. அங்கே கதவைத் திறந்த மலாய்க்கார ஊழியர் ஒருவர் மூட்டைகளுக்குப் பின்னால் அவளைக் கண்டு கையை நீட்ட, அவள் கடித்துவிட்டாளாம். அப்பாவின் தோளில் அவள் திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பேச்சு இல்லை. யார் என்ன கேட்டாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெடுநாள் அப்படியே இருந்தாள்.

மாமாவை விட்டுவிட்டார்கள். அப்பா போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். "புள்ள கெடச்சிச்சில்ல, அது போதும்" என்றாராம். ஆனால் பிள்ளைக்குப் பேச்சு வராத வரைக்கும் வரிசையில் பேச்சு நிற்கவில்லை. 'ஒன்னும் நடக்காமலா ஊமையாப் போகும்?' என்று கிணற்றடியில் கேட்டுக்கொண்டார்கள். யாரும் அவரைப் பயங்காட்டக் கூப்பிடவில்லை. அவர் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேலியைத் தொடாமல், சாலையின் நடுவில் நடந்து போவார். அவர் வருகிறார் என்று கண்டதும் வரிசையாகக் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்கும். பிறகு அவரே கேட்டு வாங்கிக்கொண்டு வடக்கே ஏதோ சின்ன ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போனார். லோரியில் கட்டில், பானை, ஆடுகள், அத்தை. வழியனுப்ப யாரும் வெளியே வரவில்லை. லோரி திரும்பும்போது அவர் எங்கள் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார். வாசலில் நின்ற சிறு பிள்ளைகள் அலறிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் ரோத்தானுக்குப் பயம். பிறகு வெட்கம். அதற்குப் பிறகு, அதெல்லாம் பழங்கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். அப்பாவும் அம்மாவும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

லெட்சுமிக்குப் பேச்சு திரும்பியது. படித்தாள், மணமானாள், இப்போது செமினியில் மகளோடு இருக்கிறாள். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வந்தால் எழுந்து நிற்பாள். நான் சொன்ன மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். நான் வேண்டாம் என்ற வேலையை விட்டாள். அண்ணன் மேல் என்ன மரியாதை பாருங்கள் என்று உறவுக்காரர்கள் மெச்சுவார்கள். நானும் மெச்சிக்கொண்டேன்.

அண்மையில் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுடைய பேரன் சாப்பிட மறுத்து அடம்பிடித்தான். அவன் அம்மா கைப்பேசியில் எதையோ தட்டி அவன் காதில் வைத்தாள். போலீஸ்காரன் குரல் ஒன்று அவனை அதட்டியது. பிள்ளை கண்கள் விரிய வாயைத் திறந்தான். லெட்சுமியின் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். லெட்சுமி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவளிடம், கோணிக் கதையிலிருந்து அப்பாவிடம் சொன்ன இரண்டு வாக்கியங்கள் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை.

"அந்த மாமா மூஞ்சியே எனக்கு ஞாபகம் இல்லண்ணே," என்றாள். "நீ கழுத்துல வெரல வச்சு இழுத்தே பாரு, அதான் ஞாபகம் இருக்கு. எனக்கு அவர் மேல பயம் இல்ல. உன் மேலதான்."

"இப்பவுமா?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே," என்றாள். ஒரு நிமிடத்துக்கு முன் வாய்தவறி வந்த 'நீ' மறுபடியும் 'வாங்க, போங்க'வுக்குள் ஒளிந்துகொண்டது. இத்தனை காலம் மரியாதை என்று நான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது என்ன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கினேன். பலகை வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன; கூட்ஸ் பெட்டிகள் நின்ற இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். தகர வேலி இல்லை. வேலிக்கு மேல் குரல் கொடுத்து, கொஞ்சம் பயங்காட்டிட்டுப் போங்கண்ணே என்று ஒரு மனிதரை இரவல் கேட்கும் வழக்கமும் போய்விட்டது. சின்னையா மாமாவின் பெயரைச் சொல்ல அவருக்குப் பிள்ளைகளும் இல்லை. கேட்டுத் தீர்ப்புச் சொன்ன வாய்களும் இல்லை. கேள்வி கேட்ட அப்பாவும் இல்லை. பதில் மட்டும் என்னிடம் இருக்கிறது, அதை இங்கே வைக்கிறேன்.

சின்னையா மாமா அவளத் தொரத்தலப்பா. வண்டி வருது, எறங்குன்னு கத்துனாரு. அவ என்னைப் பாத்துத்தான் ஓடுனா.